நாற்பத்து மூன்றாம் ஜாடி

நவம்பர் 1, ஞாயிறு

மன்னிக்கவும். இந்த நோட்டு கல்லூரித் துறையில் கொடுத்தது. முதல் பக்கத்தில் ‘மாதிரிக் குறிப்புகளுக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஜாடி எண், நீளம், நிறம் தவிர வேறெதையும் இதில் எழுதக் கூடாது. ஆனால் நேற்று முன்தினத்திலிருந்து நான் யாரிடமும் நேரில் தமிழ் பேசவில்லை. அதனால் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கத்துக் குறிப்புகள் வந்து முட்டினால் நிறுத்திவிடுவேன்.

ஊர் லிண்டன்ஃபுர்ட், ஜெர்மனி. இங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எனக்கு மூன்று வாரப் பயிற்சி. நாளை தொடங்குகிறது.

புறப்படும்போது இரண்டு பேர் புத்தி சொன்னார்கள். எங்கள் பேராசிரியை: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா.” அம்மா: “மீன்காரி மவளாக்கும்னு அங்க போயி சொல்லிக்கிட்டுத் திரியாத, என்ன?”

இரண்டும் எனக்குச் சிரமமில்லாத காரியங்கள்.

நவம்பர் 2, திங்கள்

மேலே பொதுமக்களுக்கான கூடம். நுழைந்ததும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கம்பிகளில் தொங்குகிறது. அதன் விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள். கீழே, இரண்டு மாடி ஆழத்தில், எங்கள் அறை. அங்கே ஜன்னல் இல்லை. சாராய நெடி. ஆயிரக்கணக்கான மீன்கள், ஆனால் மீன்வாடை கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

மீன் பிரிவின் பொறுப்பாளர் டாக்டர் பிரிகிட்டே. அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் இரண்டு மூக்குக் கண்ணாடிகள். எதையும் இரண்டு முறை விளக்குகிறார். என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைக்கிறாரோ என்னவோ. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதிரியார் தூத்துக்குடிக் கடற்கரையில் சேகரித்து அனுப்பிய அறுபத்தோரு ஜாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, உள்ளே கிடக்கும் பழைய சீட்டைப் படியெடுக்க வேண்டும்.

“தூத்துக்குடிதானே உங்கள் ஊர்? அதற்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தேன்” என்றார். பிறகு என் விண்ணப்பத்தைப் புரட்டினார். ‘பெற்றோர் தொழில்: சுயதொழில்’ என்று நான் எழுதிய வரியில் அவர் விரல் ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. நின்றிருக்காது.

மாலை கிளம்பும்போது கேட்டார்: “வேறேதாவது?”

“ஒன்றுமில்லை” என்றேன்.

இன்று கல்லறைத் திருநாள். ஆத்தா, தாத்தா கல்லறைகளில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள்.

நவம்பர் 3, செவ்வாய்

ஒன்பது ஜாடிகள். சோறு குழைந்துவிட்டது. இந்த ஊர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 4, புதன்

சாப்பாட்டு நேரத்தில் மேல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ‘வெப்பக் கடல்கள்’ என்ற பகுதியில் ஒரு பெரிய திருக்கை மாடல் சுவரில் பதித்திருக்கிறது. அதன் கீழே கொட்டை ஆங்கில எழுத்தில் ‘புல்லடாட்சி’. தென்னிந்தியத் தமிழர்கள் இந்தத் திருக்கையை இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று விளக்கம். கடையில் அதே பெயரில் துணிப் பொம்மையும் விற்கிறார்கள். வயிறு உப்பிய, சிரிக்கிற திருக்கை. ஒரு சின்னப் பெண் அதைக் கட்டிக்கொண்டு “புல்லி, புல்லி” என்று அழுதாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜெர்மன் குழந்தைக்குத் தெரிந்த தமிழ் மீன் எனக்குத் தெரியவில்லை. அம்மாவை ஃபோனில் கேட்டேன்.

“புல்லடாட்சியா? புல்லும் கிடையாது, டாட்சியும் கிடையாது. எந்தக் கடல்லட்டி இருக்கு அது?”

“திருக்கையில ஒரு சாதியாம்மா.”

“முப்பது வருசமா திருக்கை அறுக்கேன். அப்படி ஒண்ணு வலையில வந்ததே இல்ல. நீ ஒழுங்காச் சாப்புடுதியா?”

நவம்பர் 6, வெள்ளி

இதை மெதுவாக எழுத வேண்டும்.

காலையில் திருக்கை ஜாடிகளை எடுத்தேன். ஒரே இனத்தில் மூன்று: 41, 42, 43. தட்டு அகலமுள்ளவை. மூன்றின் வெளிப்புறத்திலும் பிற்காலத்தில் அச்சடித்து ஒட்டிய ‘புல்லடாட்சி’. ஆனால் உள்ளே சாராயத்தில் மிதக்கும் பழைய சீட்டுகளைப் பாதிரியார் தம் கையால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறார். 41இலும் 42இலும் ‘திருக்கை’ என்று மட்டும் இருக்கிறது. 43இல் ‘திருக்கை’, அதன் கீழே வேறொரு சொல். இரண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டு.

ஆங்கில எழுத்தில் ஒரே ‘டி’தான். அதை ‘ட’ என்றும் வாசிக்கலாம், ‘த’ என்றும் வாசிக்கலாம். ‘ல’வும் ‘ள’வும், ‘ட்சி’யும் ‘ச்சி’யும் அப்படித்தான். அச்சடித்தவர்கள் இரண்டு துண்டையும் ஒட்டி ‘ட’ என்று வாசித்திருக்கிறார்கள். நான் ‘த’ வைத்து வாசித்தேன். வாய்விட்டு வாசித்தேன். அறையில் யாருமில்லை.

புள்ள. தாச்சி.

புள்ளத்தாச்சி.

அது மீனின் பெயர் இல்லை. மீனின் நிலைமை. திருக்கை முட்டையிடாது, குட்டி போடும். வலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் “ஐயா, இது புள்ளத்தாச்சி” என்று சொல்லியிருக்கிறார். பாதிரியார் கேட்டபடி எழுதிவைத்திருக்கிறார். மற்ற இரண்டு திருக்கைகளின் வயிற்றையும் சாராயம் உள்ளே இறங்குவதற்காகக் கீறியிருக்கிறார்கள். இதைக் கீறவில்லை. வயிறு முழுதாக, இரண்டு பக்கமும் கனத்து, ஜாடியின் அடியில் படிந்து கிடக்கிறது.

நூற்றைம்பது வருடமாக உள்ளே குட்டிகள் இருக்கின்றன. யாருக்கும் தெரியாது.

மாலை டாக்டர் பிரிகிட்டே: “வேறேதாவது?”

ஒன்றுமில்லை என்றேன். முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் அல்லவா?

நவம்பர் 7, சனி

மேல் கூடம் சனிக்கிழமையும் திறந்திருக்கும். மேலங்கிகளை வாங்கி வைக்கும் இடத்தில் ஒரு அக்கா இருக்கிறார். முதல் நாளே அவர் நெற்றியைப் பார்த்தேன், சின்னதாகத் திருநீறு. பேசத்தான் ஐந்து நாள் ஆயிற்று. தவமணி அக்கா, யாழ்ப்பாணம், இங்கே வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம்.

“அக்கா, அந்தத் திருக்கைக்குக் கீழ எழுதியிருக்கே...” என்று தொடங்கினேன். அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மேலங்கியை மாட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பிள்ளைத்தாச்சி! வந்த முதல் நாளே விளங்கீற்று எனக்கு. ஒவ்வொரு நாளும் உந்தப் பலகையைத் தாண்டித்தான் தேத்தண்ணி குடிக்கப் போறனான். ஒவ்வொரு நாளும் சிரிப்பு.”

“யார்கிட்டயும் சொல்லலையா அக்கா?”

“ஆர் என்னட்டக் கேட்டவை? நான் கோட்டு வாங்கிற ஆள், பிள்ளை.” சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. “நீர் படிச்சனீர். நீர் சொன்னாக் கேப்பினம்.”

நவம்பர் 9, திங்கள்

அடித்தளத்தைக் காலிசெய்து புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறார்களாம். கெட்டுப்போன மாதிரிகளை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு, அறுத்துப் பழகுவதற்குக் கொடுத்துவிடுவார்கள். பட்டியலை என்னிடம் சரிபார்க்கத் தந்தார் டாக்டர் பிரிகிட்டே.

அதில் 43 இருக்கிறது. காரணம்: ‘வயிறு கீறப்படவில்லை. உள்ளே அழுகி வீங்கியது.’

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு இயக்குநர் கையெழுத்திடுவார்.

“வேறேதாவது?”

“ஒன்றுமில்லை.”

நவம்பர் 10, செவ்வாய்

அவர் அறை வாசல் வரை போனேன். கதவு திறந்தேயிருந்தது. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து 50 முதல் 54 வரை அளந்தேன்.

நவம்பர் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

அவர் கேட்கும் நேரத்துக்காகக் காத்திருந்தால் நடக்காது என்று காலையிலேயே போனேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, டிராமில் ஏழு தடவை படித்துப் பார்த்திருந்தேன். அறையில் தாளைப் பார்த்துத்தான் வாசித்தேன். காது சுட்டது. ஆனால் கடைசி வரிவரை வாசித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதை மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்த்தார். “நீங்கள் சொல்வது சரியென்றால் நாங்கள் நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறோம்” என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த இயந்திரத்துக்கு வரிசை இருக்கிறதாம். வலுவான காரணம் காட்ட வேண்டுமாம். தமிழ் தெரிந்த ஒரு மொழி அறிஞருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார்.

நவம்பர் 12, வியாழன்

பதில் வந்துவிட்டது. அகராதியில் அந்தச் சொல்லுக்குக் கர்ப்பிணிப் பெண் என்றுதான் பொருளாம். மனிதருக்கு மட்டுமே வழங்கும். விலங்குக்கும் மீனுக்கும் ‘சினை’ என்பதே சொல். ஆகவே வயிறு பருத்த தோற்றத்தை வைத்து அந்த இனத்துக்கே மக்கள் இட்ட செல்லப்பெயராக இருக்கலாம். பலகையை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் திருத்தலாம்.

“அவர் மரியாதைக்குரிய அறிஞர்” என்றார் டாக்டர் பிரிகிட்டே. பிறகு, “நீங்கள் எப்படி இவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்?”

“எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள்.”

“யார் சொல்வார்கள்?”

“எல்லோரும்தான்” என்றேன்.

“புத்தகத்தில் இருக்கிறதா? யாராவது பதிவு செய்திருக்கிறார்களா?”

“இல்லை.”

அவர் வருத்தப்பட்டதுபோலத்தான் தெரிந்தது. “வேறேதாவது?”

ஒன்றுமில்லை என்றேன். இந்த நோட்டில் பொய் எழுதக் கூடாது. அது பொய்.

விடுதிக்கு வந்து துணி துவைத்தேன். இரண்டு மேல்சட்டை, ஒரு சால்வை, காலுறைகள். அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் தன் சேலையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். என் கல்லூரித் துணியோடு சேர்க்கவே மாட்டாள். நான் சேர்க்க வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு வேலை இருந்தது. வேலை இருக்கும் என்று நான்தான் சொன்னேன்.

நாளை மதியம் இங்கே பன்னிரண்டு. அங்கே நாலரை. சாயங்கால மார்க்கெட் நேரம்.

நவம்பர் 13, வெள்ளி

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் பிரிகிட்டேயின் அறைக்குப் போனேன். இன்று தாள் கொண்டுபோகவில்லை.

“அந்தச் சொல்லைப் பேசுகிற ஒருவரிடம் காட்டலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஜாடியை மட்டும் காட்டுவேன். அவர் வாயிலிருந்து என்ன வருகிறதென்று நீங்களே கேளுங்கள்.”

“யார் அவர்?”

“என் அம்மா. தூத்துக்குடியில் மீன் விற்கிறார்.”

சொன்ன பிறகு அறையில் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “வாருங்கள், கீழே போவோம்.”

41, 42, 43 மூன்றையும் மேசையில் வைத்தேன். வீடியோவில் அம்மா வந்தாள். தலையில் துண்டு, பின்னால் ஐஸ் பெட்டி, ஒரே இரைச்சல்.

“ஏட்டி, என்ன இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?”

“ஒண்ணுமில்லம்மா. இத மூணையும் பாரு.” ஃபோனை ஒவ்வொரு ஜாடியாகத் திருப்பினேன்.

“திருக்கை. இதுவும் திருக்கை. குடலக் கீறிருக்கான். என்னட்டி, ஊறுகா போட்டிருக்காவளா?” மூன்றாவதுக்கு வந்தேன். அம்மாவின் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. “ஏ யாத்தே! இது புள்ளத்தாச்சில்லா! இதப் போயி எந்தப் பாவி போத்தல்ல அடச்சான்?”

டாக்டர் பிரிகிட்டேயின் கை என் தோளைப் பிடித்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை இத்தனை வருடமாகத் தப்பாகவேனும் உச்சரித்திருக்கிறார். சரியாகக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

“வீங்கிப்போன மீனாக இருக்கலாமே என்று கேளுங்கள்” என்றார் மெல்ல. கேட்டேன்.

“அழுவுன மீனுன்னா நடுவுலல்லா உப்பும்? இது நடு முள்ளுக்கு ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கு பாரு. ரெண்டு குட்டி. மூணு இருந்தாலும் இருக்கும்.”

“மீனுக்குச் சினைன்னுதானம்மா சொல்லணும்? படிச்சவங்க அப்படிச் சொல்றாங்க.”

“ஆட்டுக்கு மாட்டுக்கு அவுக என்னத்தையும் சொல்லிக்கிடட்டும். கடல்ல, முட்டைன்னா சினை, குட்டின்னா புள்ளத்தாச்சி. சீலா மீனு சினையா இருக்கும். திருக்கை எப்படிட்டி சினையா இருக்கும்? இதுகூடத் தெரியாம என்ன எம்.எஸ்சி. படிச்ச?”

பின்னாலிருந்து யாரோ, “ஏ அமலோற்பவம், அந்த வெளமீன எடுத்துப் போடு” என்றார்கள்.

“செத்த நில்லுங்க, மவ சீமையிலேருந்து பேசுதா!” என்று கத்திவிட்டு அம்மா கண்ணைச் சுருக்கினாள். “பக்கத்துல யாரு, அந்த வெள்ளைக்கார அம்மா?”

“என் மேடம்.”

அம்மாவின் முகம் சுருங்கியது. துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். “அறிவுகெட்டவளே. இப்படி நாறிக்கிட்டு நிக்கும்போதா காட்டுவ? நான் என்ன சொல்லி அனுப்புனேன்?”

“நான்தாம்மா சொன்னேன். மீன் விக்கிறாங்கன்னு சொல்லிட்டேன்.”

அம்மா திரும்பி ஐஸ் பெட்டியை மூடினாள். பிறகு, “சரி, வைய்யி” என்றாள்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் டாக்டர் பிரிகிட்டே பேனாவை எடுத்தார். பட்டியலில் 43ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை இட்டார். மணி பன்னிரண்டே முக்கால்.

நவம்பர் 14, சனி

அம்மா ஃபோனை எடுக்கவில்லை. சாயந்திரம் ஒரு செய்தி மட்டும் வந்தது, பக்கத்துக் கடைக்காரரைத் தட்டச்சச் சொல்லியிருப்பாள்: ‘குட்டி எத்தனை?’

நவம்பர் 17, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் ஈயக் கவசம் மாட்டி நின்றேன். தட்டில் ஈரத்துணி விரித்து 43ஐ நானே கிடத்தினேன். கனமாக இருந்தது. இரண்டு கையாலும், வயிற்றில் அழுத்தாமல்.

திரையில் முதலில் தாயின் முதுகுத்தண்டு வந்தது, வெள்ளைக் கோடாக. அதற்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கோடு. வலப்பக்கம் இரண்டு. குட்டிகளின் தட்டை உடல்கள் சுருண்டு, ஓலையைச் சுருட்டியதுபோல. வால்கள் மடங்கி.

மூன்று.

டாக்டர் பிரிகிட்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே எண்ணை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். “நான் சொன்னேன்லா?”

நவம்பர் 18, புதன்

சோறு சரியாக வந்தது. ஒன்றுக்கு இரண்டரை.

நவம்பர் 19, வியாழன்

பலகையைக் கழற்றிவிட்டார்கள். புதுப் பலகையில் எக்ஸ்ரே படமும் வரும். பொம்மைக்கு மட்டும் அதே பெயர் இருக்கட்டும் என்று கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம், குழந்தைகளுக்குப் பழகிவிட்டதென்று. தவமணி அக்காவிடம் சொன்னேன்.

“இருக்கட்டுமே. உப்பின வயித்தப் பாத்தா அதுகும் மாசமாத்தானே இருக்கு” என்றார். பிறகு சுவரில் வெறுமையாக நின்ற நாலு ஆணிகளைப் பார்த்துக்கொண்டு, “இனி நான் தேத்தண்ணிக்குப் போகேக்க எதைப் பாத்துச் சிரிக்கிறது?” என்றார்.

மதியம் பழைய பதிவேட்டைப் படியெடுத்தேன். 43க்கு நேரே பாதிரியார் பெயர் இருக்கிறது. ஏற்றி வந்த கப்பலின் பெயர் இருக்கிறது. ஜாடி செய்த பட்டறையின் பெயர்கூட இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னவர் பெயர் இல்லை. ‘ஒரு மீனவர்’ என்றும் இல்லை.

அவர் சொல்லியிராவிட்டால் வயிற்றைக் கீறியிருப்பார்கள்.

நவம்பர் 20, வெள்ளி

முன்பக்கத்துக் குறிப்புகளும் நானும் கிட்டத்தட்ட முட்டிவிட்டோம். நடுவில் ஒரு தாள்தான் மிச்சம்.

இன்று கடைசி நாள். டாக்டர் பிரிகிட்டே 43க்குப் புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தார். அழியாத கறுப்பு மை, சாராயத்தில் கரையாத தாள். இனத்தின் பெயர். தூத்துக்குடி. ஆண்டு. சேகரித்தவர். ‘கருவுற்ற பெண் மீன், மூன்று குட்டிகள்.’ அடுத்த வரியில் சரிபார்த்தவர் என்று என் பெயரை எழுதினார். அ. ஜெனிட்டா. என் இனிஷியல் அம்மாவுடையது. பள்ளியில் சேர்க்கும்போது வரிசையில் நின்றது அவள்தான்; எந்த எழுத்து என்று கேட்டபோது தன்னுடையதைச் சொல்லிவிட்டாளாம். பத்தாம் வகுப்பு வரை யாராவது கேட்டால் அப்பா பெயர் அந்தோணி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

என் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத இடம் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேனாவை மூடப் போனார். “வேறேதாவது?”

“ஒன்று இருக்கிறது” என்றேன்.

பேனா நின்றது.

“தயவுசெய்து இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். தகவல் தந்தவர்: அமலோற்பவம், மீன் வியாபாரி, தூத்துக்குடி. பெயரை நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறேன். நீண்ட பெயர்தான். ஒட்டியோ பிரித்தோ எழுதிவிடாதீர்கள். அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதுங்கள்.”